மீன் கூடைக்கு மகனை விற்ற தவளை

என் அம்மா இறந்த செய்திக்குக் கீழே ஒரு தவளையின் படத்தைப் போட்டிருந்தார்கள். ரப்பர் தவளை. வாய் பிளந்து, வயிறு தள்ளி, கண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி இருந்தது. அதன் கீழே ஒரு மெழுகுவத்தி. அதற்கும் கீழே, 'எங்கள் எல்லோருக்கும் தாயானவளே, போய் வா.' எழுதியவருக்கு என் வயது இருக்கும். கண் மருத்துவராம். அவருடைய சொந்தப் படம் இருக்க வேண்டிய இடத்திலும் தவளைதான் இருந்தது.

நான் பம்பு தொழிற்சாலையில் அதிர்வு அளப்பவள். ஓடுகிற இயந்திரத்தின் மேல் கருவியை ஒட்டி, வருகிற சத்தத்தில் எது இயல்பு, எது கோளாறு என்று பிரித்துச் சொல்வது வேலை. அந்தப் பழக்கத்தில் அஞ்சலிகளையும் பிரித்துப் பார்த்தேன். பெரும்பாலும் வெறும் இரைச்சல். அவர்கள் அழுதது அம்மாவுக்காக அல்ல. பள்ளி விட்டு வந்து, பையைக் கூடக் கழற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்த தங்களுக்காக. அதில் தப்பில்லை. தனக்குத் தானே அஞ்சலி செலுத்திக்கொள்ள அடுத்த வீட்டுச் சாவு தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் 'தாயானவளே' என்பது தகவல் பிழை. தவளையைப் பொறுத்தவரையிலும் பிழை, அம்மாவைப் பொறுத்தவரையிலும் பிழை.

அம்மா டப்பிங் ஸ்டுடியோவுக்குத் தட்டச்சராகப் போனவள். வசனத் தாள்களை அடித்துக் கொடுத்தால் போதும். ஒருநாள் ஏதோ ஒரு படத்தில் கைக்குழந்தை அழ வேண்டியிருந்தது. அழ வேண்டிய பெண்மணி வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த டப்பிங் இயக்குநர், "யாராவது அழுங்கப்பா, நேரம் போகுது" என்றார். அம்மா தட்டச்சு இயந்திரத்தை விட்டு எழுந்து போய் அழுதாள். "ஒன்ஸ்மோர்" என்றார் அவர். மறுபடியும் அழுதாள். எதற்கெடுத்தாலும் ஒன்ஸ்மோர் சொல்பவர் என்பதால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. வீட்டில் மனைவி நீட்டும் டீயைக் கூட ஒன்ஸ்மோர் சொல்லித் திருப்பி அனுப்புவார் என்று பேச்சு.

அன்றிலிருந்து திரையில் அழுத எல்லாக் கைக்குழந்தைகளும் அம்மாதான். பிறகு சோப்பு விளம்பரத்தில் வாய் பிளக்கும் பக்கத்து வீட்டுக்காரி, கதவைத் திறந்து 'யாரு' என்று மட்டும் கேட்கும் அத்தை, ரயில் நிலையக் கூட்டம். கூட்டத்தில் பாதி அம்மா, பாதி ஒன்ஸ்மோர்.

அப்போதுதான் அந்த ஜப்பானியத் தொடர் வந்தது. நம் மொழியில் அதற்கு 'நிழலைத் தேடி' என்று பெயர் வைத்தார்கள். மூடுபனி அரசன் ஒரு சிறுவனின் நிழலைத் திருடிவிடுகிறான். நிழல் இல்லாதவனுக்கு ஊரில் இடமில்லை. அவன் அம்மா முதல் எபிசோடிலேயே செத்துப்போகிறாள். பையன் மரவாளைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறான். அட்டைப் பாறை, பஞ்சு மேகம், கம்பியில் தொங்கும் டிராகன். கம்பி நன்றாகவே தெரியும். இன்று அந்தக் கம்பியைப் பற்றி உருகி உருகி எழுதுகிறார்கள். அன்று எனக்குக் கம்பி தெரிகிறது என்று சொன்னதற்காக வகுப்பில் ஒருத்தி என்னோடு பேசுவதையே நிறுத்தினாள்.

தொடர் முழுவதற்கும் நான்கே குரல்கள். ஒன்ஸ்மோர்தான் அரசன், டிராகன், கதை சொல்பவர். அம்மா முதல் எபிசோடில் சாகிற தாய். கொஞ்ச நாள் கழித்துப் பையனோடு ஒரு தவளை சேர்ந்துகொண்டது. ரப்பர் உடைக்குள் ஓர் ஆள். உள்ளே இருந்து கயிற்றை இழுத்தால் வாய் திறக்கும், விட்டால் மூடும். அதற்கு உதட்டசைவு பார்த்துப் பேச வேண்டியதில்லை. எதைச் சொன்னாலும் பொருந்தும்.

"தவளைய நீயே பேசிடும்மா" என்றார் ஒன்ஸ்மோர். "குரல மாத்திக்கிட்டெல்லாம் இருக்காத, நேரமில்ல."

அம்மா மாற்றவில்லை. செத்த தாயும் தவளையும் ஒரே குரலில் பேசினார்கள். பெரியவர்கள் யாரும் கவனிக்கவில்லை. பிள்ளைகள் கவனித்தார்கள். கடிதங்கள் மூட்டையாக வந்து இறங்கின. எல்லாவற்றிலும் ஒரே செய்தி: செத்துப்போன அம்மா தவளையாகத் திரும்பி வந்திருக்கிறார், எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

ஒன்ஸ்மோர் டீ குடித்தபடி நாலைந்தைப் பிரித்துப் படித்தார்.

"பசங்க சரியாத்தான் சொல்லுதுங்க. இனிமே தவளைதான் அம்மா."

"கதையில அப்படி இருக்கா சார்?" என்று அம்மா கேட்டாள்.

"கதை எங்க இருக்கு? டேப்பே கொஞ்சம் கொஞ்சமாத்தான் அனுப்புறாங்க. வந்த வரைக்கும் அப்படி இல்லன்னு யாரும் சொல்லலயே."

இப்படித்தான் ஒரு தலைமுறையின் தாய்ப்பாசம் தீர்மானமானது. அசலில் அந்தத் தவளை பையனிடம் கேட்பது, 'உன் வாளை விற்றால் என்ன கிடைக்கும்?' டப்பிங்கில் அது, "தலையத் துவட்டு கண்ணு." அசலில், 'எனக்குப் பசிக்கிறது, உன் பங்கையும் கொடு.' டப்பிங்கில், "நீ சாப்பிட்டியா?" கயிறு இழுக்க வாய் திறந்தது, விட மூடியது. வீடு வீடாக மூக்குறிஞ்சினார்கள்.

எங்கள் வீட்டில் அம்மா பேசவே மாட்டாள்.

தொண்டைக்கு ஓய்வு. ரெக்கார்டிங் இருக்கிற நாட்களில் வீட்டுக்குள் வந்ததும் வாய் மூடிவிடும். மேசையில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் இருக்கும். ஒரு தட்டு என்றால் வா. இரண்டு என்றால் சாப்பிடு. நிறுத்தாமல் தட்டினால் நான் ஏதோ செய்திருக்கிறேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தலையைத் துவட்டு கண்ணு. எனக்குத் துண்டு நேராக முகத்தில் வந்து விழும். ஒருமுறை வகுப்புத் தோழிகள் நாலு பேர், "உங்கம்மாவ எங்கள கண்ணுன்னு கூப்பிடச் சொல்லுடி" என்று வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அம்மா டம்ளரை இரண்டு தட்டு தட்டிவிட்டு பிஸ்கட்டைக் காட்டினாள். கிளம்பும்போது ஒருத்தி என் காதில் கேட்டாள்: "உங்கம்மா ஊமையாடி?"

ரெக்கார்டிங் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அம்மாவின் குரல் வீட்டுக்குக் கிடைக்கும். அன்று சீட்டாட்டம். அம்மா ஏமாற்றுவாள். சும்மா இல்லை, ஆராய்ச்சி செய்து ஏமாற்றுவாள். அப்பாவின் மூக்குக் கண்ணாடியில் தெரியும் சீட்டைப் படிப்பாள். ஜோக்கர் அவள் தொடைக்கடியில் குடியிருக்கும். பிடிபட்டால் வெட்கப்பட மாட்டாள். தொட்டித் தண்ணீர் குழாயில் இறங்குகிற மாதிரி அடித்தொண்டையில் ஒரு சிரிப்பு சிரிப்பாள்.

"ஏம்மா, பெத்த புள்ளகிட்டயுமா?" என்பார் அப்பா.

"புள்ளகிட்டதாங்க சுலபமா இருக்கு."

அப்பா பல்செட் செய்பவர். வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. மாவுக்கட்டில் எடுத்த வாய் அச்சுகள் அலமாரியில் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். யாரிடமும் பொய் சொல்லத் தெரியாதவர். அவருக்கும் சேர்த்து அம்மா சொன்னாள். பிடிக்காத உறவினர் போன் செய்தால் ஐந்து வயதுக் குழந்தையாக மாறி, "அம்மா குளிக்கிறாங்க" என்பாள். அப்படி ஒரு குழந்தை எங்கள் வீட்டில் இல்லையே என்று அந்த உறவினர் ஒருநாளும் யோசித்ததில்லை. பேருந்தில் உட்கார இடம் வேண்டுமென்றால் மூச்சு வாங்குவாள். உணவகத்து உப்பு ஜாடி கைப்பையில் வந்து சேர்ந்திருக்கும். கேட்டால், "அதுவா வந்துச்சு."

அம்மா, திறமையும் சந்தோஷமும் நிறைந்த ஒரு சின்ன மோசடிக்காரி. நான் அவளிடம் மயங்கிக் கிடந்தேன். இதை எந்த அஞ்சலியிலும் யாரும் எழுதவில்லை.

தொடர் முடியும் தறுவாயில் ஒரு டேப் வந்தது. ஸ்டுடியோவில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். தவளை பையனை நைசாகப் பேசி ஒரு குகைக்குக் கூட்டிப்போகிறது. வலைக்குள் தள்ளுகிறது. அரசனின் ஆளிடம் கையை நீட்டி ஒரு கூடை மீன் வாங்கிக்கொள்கிறது. பையன் கதறுகிறான். தவளை வயிற்றில் படார் படாரென்று அடித்துச் சிரிக்கிறது. அடுத்த காட்சியில் கூடையோடு குளத்தில் இறங்கிப் போய்விடுகிறது. அதற்கப்புறம் தொடரில் அது வரவே இல்லை.

எல்லோரும் ஒன்ஸ்மோரைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் குதூகலமாக இருந்தாளாம்.

"சார், இது திருடன் சார். மொதல்லேர்ந்தே திருடன். இத நான் அப்படியே பேசுறேன் சார்."

"பேசு. ஆனா அம்மாவாப் பேசு" என்றார் ஒன்ஸ்மோர்.

"மீன வாங்கிட்டு சிரிக்குது சார்."

"அழுவுதுன்னு வெச்சுக்க."

"வயித்துல தட்டிக்குது."

"வயித்துல அடிச்சிக்கிட்டு அழுவுது. ஒன்ஸ்மோர்."

"இன்னும் ஒரு தடவகூட பேசலயே சார்."

"பேசப்போறல்ல. அதுக்குத்தான்."

அவசரத்தில் தாளின் ஓரத்தில் வசனம் எழுதினார்கள். அம்மா தேம்பித் தேம்பிப் பேசினாள்: "அழாத கண்ணு. அம்மா உன்ன விக்கல. அம்மா நடிக்கிறேன். அவங்க பாக்குறாங்க. இந்த மீனெல்லாம் உனக்குத்தான்." குளத்தில் இறங்குகிற காட்சிக்கு ஒன்ஸ்மோர் கதைசொல்லியின் குரலில், தாய் வானுலகம் போனாள் என்றார். திரையில் தவளை தண்ணீருக்குள் மேலுலகம் போனது.

எங்கள் தெருவில் அன்று அழாத வீடு இல்லை. தவளைகள் துக்கத்தில் வயிற்றில் அடித்துக்கொள்ளும் இயல்புடையவை என்று பிற்காலத்தில் ஒரு ரசிகர் நீண்ட கட்டுரை எழுதினார். அவர் உயிரியல் ஆசிரியர்.

அந்த ரசிகர்கள் வளர்ந்தார்கள். தொப்பை போட்டார்கள். முடி கொட்டியதும் நினைவு முளைத்தது. ஒரு சந்திப்பு வைத்து அம்மாவை அழைத்தார்கள். நானும் போனேன். வாடகை அரங்கு, வாசலில் காற்றடைத்த தவளை. 'தலையத் துவட்டு' என்று அச்சடித்த பனியனில் நடுத்தர வயது ஆண்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவரும் போனை நீட்டி, தங்கள் பெயரைச் சொல்லி, கண்ணு சேர்த்துக் கூப்பிடச் சொன்னார்கள். போன் மணியாக வைத்துக்கொள்ளவாம். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் கூட்டத்தின் நடுவிலும் என் அம்மா இவர்களைக் கண்ணு என்று கூப்பிடப்போகிறாள்.

நான் பழைய ஒலிப்பதிவைக் கருவியில் போட்டுப் பார்த்திருக்கிறேன். மேல் சுருதிகள் பாதி இல்லை. டிராகன் பேசும்போது பின்னால் மின்விசிறி கடகடக்கும். ஓர் இடத்தில் யாரோ இருமுவார்கள். இவர்களுக்கு அந்த இருமலும் மனப்பாடம்.

ஒருவர் மனைவி மக்களோடு வந்து கண் கலங்கினார்.

"எனக்கு நல்லது கெட்டது சொல்லிக் குடுத்ததே நீங்கதாம்மா."

"உங்கம்மா என்ன பண்ணாங்க?"

"அவங்க வேலைக்குப் போயிடுவாங்கம்மா."

"நானும் வேலைக்குத்தான் போயிருந்தேன்."

அவர் அதையும் அன்பாக எடுத்துக்கொண்டு படம் பிடித்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த வருடம் அம்மாவின் நுரையீரல் இறுக ஆரம்பித்தது. தழும்பேறுகிறது, திரும்பாது என்றார் மருத்துவர். மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்ஸிஜன் இயந்திரம். ஒரு நீள வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் தாடி வந்தார்.

தாடிக்குத் தாடி மட்டும்தான் பெரியவர்களுடையது. அம்மாவைப் பார்த்ததும் குரல் பத்து வயதுக்கு இறங்கிவிட்டது. தொடரின் அசல் பிரதியைச் சுத்தம் செய்து, புதிதாக டப்பிங் செய்து, ஒரு கம்பெனி வெளியிடப்போகிறது. அவர்தான் இயக்குநர்.

"அம்மா, நான் உங்க பையன் மாதிரி."

"எனக்கு ஒரே பொண்ணு. அதுவே ஜாஸ்தின்னு இருக்கேன். விஷயத்தச் சொல்லுங்க."

"இந்தத் தடவ ஒரிஜினல்ல இருக்கிற மாதிரியே பண்றோம்மா. ஒரு வார்த்த மாறாது. தவளைக்கு நீங்கதான் வரணும்."

"மீன் கூடையும் ஒரிஜினல் மாதிரியா?"

"எல்லாமேம்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். சீட்டில் ஜோக்கர் கிடைத்தால் அப்படித்தான் பார்ப்பாள்.

அவர் போனதும் அப்பா ஆரம்பித்தார். மூச்சே இல்லாதபோது இது எதற்கு என்றார். அம்மா நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னாள்.

"எல்லா அழுகையும் அழுதாச்சுங்க. ஊர்ல இருக்கிற கொழந்தையெல்லாம் நானாத்தான் கத்தியாச்சு. அந்தத் திருட்டுத் தவளைய மட்டும் அந்த ஆளு பேச விடல. அத ஒரு தடவ பேசிட்டுப் போயிடுறேன்."

அப்பா முன்னறைக்குப் போய் எதையோ ராவினார். அன்று ராவ வேண்டிய வேலை எதுவும் இருக்கவில்லை.

ஸ்டுடியோவில் ஆக்ஸிஜன் இயந்திரம் பிரச்சனையானது. அதன் முனகல் மைக்கில் விழுந்தது. நான் நீளக் குழாய் வாங்கி, இயந்திரத்தை நடைபாதைக்குத் தள்ளி, அடியில் ரப்பர் விரிப்பைப் போட்டேன். கலைக்கு என்னால் ஆன ஒரே தொண்டு அது. தாடி சைகை காட்டினார். அம்மா கைக்குட்டையை எடுத்தாள், வாயில் கை விட்டாள், அப்பா செய்து கொடுத்த பல்செட்டைக் கழற்றி அதில் மடித்து வைத்தாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அப்பா எழுந்துவிட்டார். "அந்த செட்டுல சகரம் எவ்வளவு சுத்தமா வரும் தெரியுமா? அதக் கழட்டிட்டுப் பேசுறாளே."

"உக்காருங்கப்பா."

அம்மா பேசினாள். பல் இல்லாத வாயில் சொற்கள் ஈரமாக, வழுக்கி வந்தன. முதலில் இனிமையாகக் குழைந்து பையனைக் குகைக்குள் அழைத்தது அந்தக் குரல். வலை விழுந்ததும் குழைவு அப்படியே இருந்தது, உள்ளே இருந்த ஆள் மட்டும் மாறிவிட்டிருந்தான். மீனை எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு. மூச்சு போதாமல் நடுவில் அறுந்தது, அறுந்த இடம் இன்னும் கெட்டதாக இருந்தது. அப்பா தன்னை அறியாமல் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

தாடியைக் காணவில்லை. நடைபாதையில், ஆக்ஸிஜன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"மேடம், அவங்க என்னய வித்துட்டாங்க."

"உங்கள இல்ல சார். படத்துல இருக்கிற பையன."

"நான்தான் மேடம் அந்தப் பையன்."

முட்டிக்குத் தைலம் தேய்க்கிற வயது. இயந்திரத்தின் மேல் கை வைக்காமல் உட்காரச் சொன்னேன்.

ஆனாலும் மனிதர் நேர்மையானவர். அந்தக் குரலையே முன்னோட்டத்தில் சேர்த்தார். கம்பெனி வெளியிட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். 'எங்கள் அம்மாவைத் திருடாதீர்கள்' என்று கையெழுத்து வேட்டை நடந்தது. யாரோ ஒரு பல்லில்லாத கிழவியை வைத்துத் தாயின் குரலைக் கொச்சைப்படுத்திவிட்டார்கள் என்று ஒருவர் எழுதினார். அசலில் அப்படித்தான் இருக்கிறது என்று யாரோ சொன்னதற்கு, அசலே தப்பு, ஜப்பான்காரர்களுக்குக் கதை புரியவில்லை என்று பதில் வந்தது. அதற்கு ஏராளமானோர் இதயம் போட்டிருந்தார்கள்.

கம்பெனி பின்வாங்கியது. தவளைக்கு எல்லா எபிசோடிலும் பழைய வசனமே வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். பழைய ஒலியையே போடலாம் என்றால் அது புதிய இசையோடு ஒட்டவில்லை. அம்மா மறுபடியும் பேச வேண்டும்.

தாடி வீட்டுக்கு வந்தபோது அம்மா கட்டிலை விட்டு இறங்குவதில்லை. அவர் பழைய வசனத்தைப் புதிதாக அடித்துக் கொண்டுவந்திருந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, தாளைப் பார்த்தபடியே பேசினார்.

"என்னால முடியலம்மா. கம்பெனில ஒத்துக்கல. மத்ததுக்கெல்லாம் வேற யாரையாவது வெச்சுக்கலாம். இந்த ஒரு எபிசோடுக்காவது உங்க குரல் வேணுமாம்."

நான் அம்மா முடியாது என்பாள் என்று நினைத்தேன். சொன்னால் அந்தத் தாளோடு அவரை வெளியே அனுப்பத் தயாராக இருந்தேன்.

"பேப்பர்ல இருக்கிறத அப்படியே பேசினாப் போதுமா?" என்றாள் அம்மா.

"அப்படியேம்மா. ஒரு எழுத்துகூட மாறக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"மாறாது."

ஜன்னல்களில் போர்வையைத் தொங்கவிட்டோம். முன்னறையில் அப்பா ராவும் இயந்திரத்தை நிறுத்தினார். மைக்கைக் கட்டிலுக்கு மேலே சாய்த்துக் கட்டினேன். தாடி மடியில் கணினியை வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். திரையில் வலை, பையன், கூடை. அம்மா என்னிடம் கையை நீட்டி, கைக்குட்டை கொடு என்று விரலை அசைத்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பல்லைக் கழற்றினாள்.

"அழாத கண்ணு" என்றாள். ஈரமாக, வழுக்கிக்கொண்டு வந்தது. "அம்மா உன்ன விக்கல." ஒரு சின்ன இடைவெளி, மீன் எத்தனை என்று கண்ணால் எண்ணுகிற அளவுக்கு. "அம்மா நடிக்கிறேன். அவங்க பாக்குறாங்க." அதில் பாசம் இருந்தது. சந்தையில் மாட்டைத் தடவிக்கொடுக்கிறவனின் கையில் இருக்கிற பாசம். "இந்த மீனெல்லாம்" என்று நிறுத்தி மூச்சு வாங்கினாள். "உனக்குத்தான்." பிறகு திரையில் தவளை வயிற்றில் அடித்துக்கொள்ள, அதோடு சரியாகச் சேர்ந்து அடித்தொண்டையில் சிரித்தாள்.

அதே சொற்கள். ஒரு எழுத்துக் கூட மாறவில்லை. இத்தனை காலமும் அந்த ரப்பர் வாய் எதைச் சொல்லிக்கொண்டிருந்ததோ அது அன்றுதான் ஒலியோடு சேர்ந்தது.

தாடி ஹெட்போனைக் கழற்றினார். தாளைப் பார்த்தார். மறுபடியும் மாட்டிக்கொண்டு கேட்டார். மறுபடியும் கழற்றினார்.

"அம்மா, இது ஏமாத்துது. அம்மா மாதிரி பேசி ஏமாத்துது."

"பேப்பர்ல இருக்கிறது எல்லாம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"ஏதாவது விட்டுப்போச்சா?"

"இல்லம்மா. ஆனா அந்தச் சிரிப்பு பேப்பர்ல இல்லயே."

"படத்துல இருக்கு."

தாடி திரையைப் பார்த்தார். சத்தமில்லாமல் அந்தக் காட்சியைத் திரும்ப ஓட்டினார். ரப்பர் தவளை கூடையை அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சிறுவயதிலிருந்து எத்தனை முறை பார்த்திருப்பார். முதல் முறை பார்க்கிறவர் போல முகத்தை நெருக்கிப் பார்த்தார்.

"பழைய ரசிகருங்க என்னய உயிரோட விட மாட்டாங்கம்மா."

"அவங்க கேட்ட வார்த்ததானே? அப்புறம் என்ன பயம்? நீங்க ஓகே சொல்லப்போறீங்களா, இல்ல நான் பல்ல மாட்டவா?"

அவர் நெடுநேரம் தாடியைத் தடவினார். பிறகு "ஓகே" என்றார். குரல் வயதுக்கு ஏறியிருந்தது. அப்பா கதவருகில் நின்றபடி, இந்தத் தடவை சகரத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை.

கம்பெனியில் தாளை வைத்துச் சொற்களைச் சரிபார்த்தார்கள். எல்லாம் இருந்தன. வெளியிட்டார்கள்.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கருத்துகளைப் படித்துக் காட்டினேன். 'அம்மாவின் குரல் தளர்ந்துவிட்டது, ஆனால் பாசம் தளரவில்லை.' 'அதே தேம்பல், அதே கண்ணீர்.' 'கடைசிச் சிரிப்பு போல ஒலிப்பது உண்மையில் அடக்க முடியாத அழுகை.' உயிரியல் ஆசிரியர் மறுபடியும் கட்டுரை எழுதியிருந்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அழுவுறாங்களா?"

"எல்லாரும்தான்."

"ஒருத்தனுக்குக் கூடவாடி காது இல்ல?"

எனக்கு அவர்கள் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து டம்ளரால் தட்ட வேண்டும் போலிருந்தது. அம்மா மூச்சை மிச்சம் பிடித்துச் செய்த வேலை. நான் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனேன். அங்கே ஒரு புகார் இருந்தது. ஒரு தகப்பன் கம்பெனிக்கு எழுதியது. மரியாதையான கோபம்.

'என் மகளுக்கு ஆறு வயது. நான் சிறுவயதில் பார்த்து நெகிழ்ந்த தொடரை அவளுக்கு ஆசையாகப் போட்டுக் காட்டினேன். தவளை பேசியதும் அவள் எழுந்து டிவி பக்கத்தில் போய், நம்பாத, அது உங்கம்மா இல்ல, பொய் சொல்லுது என்று அந்தப் பையனிடம் கத்தினாள். அம்மாதான் கண்ணு, நல்ல அம்மா என்று நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இப்போது என்னையும் சந்தேகமாகப் பார்க்கிறாள். குழந்தைகள் பார்க்கிற தொடரில் இப்படியா பேசுவது?'

அம்மா கண்ணைத் திறந்தாள்.

"என்ன சொல்லிக் கத்துச்சாம்?"

"நம்பாத, அது உங்கம்மா இல்ல, பொய் சொல்லுதுன்னு."

"அந்த எடத்த மறுபடி படி."

படித்தேன். அடித்தொண்டையில் சிரிப்பு கிளம்பி இருமலாக மாறியது. அப்பா ஓடி வந்து முதுகைத் தடவினார். அம்மா அவர் கையை விலக்கிவிட்டு, என் போனைக் காட்டினாள்.

"கீழ போ. வேற யாராவது திட்டியிருக்காங்களா பாரு."